இலை போடாதே

கட்டைவிரல் எப்போது எழுந்தது என்பதுதான் சங்கிலிக்குத் தெரியவில்லை. ‘தே’க்கு முன்னாலா, பின்னாலா. இலை போடாதே என்றுதான் சொன்னார். வாய் முழுசாகத்தான் சொன்னது, அதில் சந்தேகமே இல்லை, நாக்கு பல்லில் போய் முட்டித் திரும்பியது இன்னும் உறைக்கிறது. ஆனால் வாக்கி டாக்கியின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த விரல் அந்த ‘தே’ முடிகிறவரை இருந்ததா, இல்லை வாய்க்கு முன்னால் தன் வேலையை முடித்துக்கொண்டதா? மேலே சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கிற குருவையா "சரி" என்றான். கிர்க் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சரி என்றால் எதற்குச் சரி? இலை போடாதே என்று கேட்டிருந்தாலும் சரிதான். வால் அறுந்து, இலை போடா என்று கேட்டிருந்தாலும் சரிதான். பொன்மாரி மகாலின் அடித்தளச் சமையல்கட்டில், ஆவிக்கும் புகைக்கும் நடுவே, அறுபத்திரண்டு வயதுச் சங்கிலி அந்தக் கறுப்புப் பெட்டியைக் காதோரம் பிடித்தபடி நின்றார். சோறு வேகவில்லை. ரெண்டாம் பந்தி அண்டாவின் சிலிண்டர் தீர்ந்து அடுப்பு அணைந்ததைப் பத்து நிமிஷம் ஒருத்தரும் பார்க்கவில்லை. சமையல்காரர் இருளப்பன் ஒரு பருக்கையை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிக் காட்டினார், நடுவில் வெள்ளைப் புள்ளி. "இன்னும் இருவது நிமிசம். மேல சொல்லிருங்கண்ணே, இலையைப் போட்டுறப் போறாங்க." ரெண்டாம் பந்தி சம்பந்தி பந்தி. மாப்பிள்ளை வீட்டார் முந்நூறு பேர். இலை விழுந்தால் உட்காருவார்கள், உட்கார்ந்தவர்களை எழுப்புகிற வாய் எவனுக்கும் கிடையாது. வெறும் இலைக்கு முன்னால் சம்பந்தியை உட்கார்த்தி வைத்தால், போகிற வீட்டில் அந்தப் பெண் கிழவியாகும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். பந்தி பார்த்தவன் பெயரும் அன்றோடு போயிற்று. அதாவது குருவையாவின் பெயர். நாற்பது வருசமாகப் பந்தியிலேயே கிடந்த சங்கிலிக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. திரும்ப ஒருதடவை அழுத்தி, பொறு என்று சொன்னால் தீர்ந்தது. கை உயரவில்லை. சரி என்றுவிட்டானே, கேட்டிருக்கும், முழுசாகக் கேட்டிருக்கும், அவன் காது பாம்புக் காது.

காலையில் மீனலோசனி ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தாள். அப்பாவுக்குப் பிறகு சமையல் காண்டிராக்டை எடுத்து நடத்துகிறவள், எதையும் மேசையில் பரப்பி வைத்துச் சொல்லுகிறவள். ரெண்டு வாக்கி டாக்கி. ஒன்று புதுசு, சின்னத் திரையில் எண் தெரியும், நீல விளக்கு எரியும். இன்னொன்று எங்கேயோ கைமாறி வந்தது, முதுகில் ஒட்டு டேப். புதுசு யார் கைக்குப் போனது என்று கேட்கவா வேண்டும்? "சித்தப்பா, இது உங்களுக்கு. சங்கிலிண்ணே, இது உங்களுக்கு." அவன் சித்தப்பா, இவர் அண்ணே. ரெண்டு பேர் தோளிலும் ஏறி விளையாடின பிள்ளைதான், ரெண்டு பேர் சட்டையிலும் மூத்திரம் பெய்த பிள்ளைதான். அவனுக்கு மட்டும் உறவு எங்கிருந்து முளைத்தது? பேட்டரியைக் கீழிருந்து மேலே தள்ள வேண்டும், டக்கென்று கேட்க வேண்டும். மேலே கம்பியைத் திருகி மாட்ட வேண்டும், ஆனால் கம்பியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு திருகைத் திருப்பினால் உயிர் வரும், சத்தமும் அதிலேயே கூடும் குறையும். இன்னொரு திருகு எண்ணுக்கு, ரெண்டிலும் மூணு இருந்தால்தான் ஒன்றுக்கொன்று பேசும். சங்கிலிக்கு எழுத்து மட்டு, எண் தெரியும், ஆனால் பழசில் மூணு அழிந்து போயிருந்ததால் ஒவ்வொரு தடக்காக எண்ணிப் போனார். குருவையா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "வாய்க்கும் இதுக்கும் ஒரு சாண் இருக்கட்டும். பொத்தானை அமுக்குங்க, மனசுல ஒண்ணு எண்ணுங்க, அப்புறம் பேசுங்க. பேசி முடிச்சும் ஒண்ணு எண்ணிட்டு விரலை எடுங்க. இல்லேன்னா தலையையும் வாலையும் இது தின்னுரும்" என்றாள் மீனலோசனி. "போன முகூர்த்தத்துல வெல்லப் பாயசத்துல பால் விடாதேன்னேன். விரலைச் சட்டுனு எடுத்துட்டேன். அங்க விடான்னு கேட்டுருக்கு. விட்டுட்டாங்க. மொத்தப் பாயசமும் திரிஞ்சு போச்சு. நம்ம பேச்சுல உசுரு வால்லதான் இருக்கு சித்தப்பா. அதனால போடாதே, விடாதே எதுவும் வேண்டாம். பொறுன்னு சொல்லுங்க. கடைசில ஓவர்னு சொல்லுங்க. அப்பத்தான் வெட்டுப்பட்டாலும் அந்த ஓவர்தான் வெட்டுப்படும், வார்த்தை தப்பிச்சுக்கும்." அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான். "சங்கிலி எங்கம்மா ஓவர் சொல்லப் போறாரு? அவரு எப்பவும் கம்மிதானே." மீனலோசனி சிரித்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் அரிவாள்மணையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி மெதுவாக, "அரைக்கரண்டி" என்றாள். சங்கிலி டேப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஓவர் சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். செத்தாலும் சொல்வதில்லை. இப்போது சொல்லியிருந்தால்? இலை போடாதே ஓவர் என்று சொல்லியிருந்தால் விரல் எப்போது எழுந்திருந்தாலும் தப்பியிருக்கும். சொல்ல விட்டானா? அப்படியென்றால் இது யார் தப்பு?

அரைக்கரண்டி. அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணம், முப்பத்தொரு வருசம் ஆகிறது. சாம்பார் பாதிப் பந்தியில் கைகொடுக்காது என்று தெரிந்து அப்போதைய மேஸ்திரி சங்கிலியை ஓரமாகக் கூப்பிட்டு, யாரிடமும் சொல்லாதே, கரண்டியைப் பாதி பாதியாக விட்டுக் கடத்து என்றார். சங்கிலியும் கடத்தினார். முந்நூறு இலைக்குச் சமமாக, சந்தேகம் வராமல், அடிக்கரண்டியில் காய் வருகிறமாதிரி சாய்த்து. அது ஒரு திறமை. அன்றைக்கு அந்தக் கல்யாணத்தின் மானத்தைக் காப்பாற்றியது சங்கிலியின் மணிக்கட்டு. குருவையாவுக்கு அது தெரியாது. பின்னால் ரசத்தோடு வந்தவன், நடுக்கூடத்தில், நூறு பேர் காதில் விழ, "என்ன சங்கிலி, உங்க அப்பன் வீட்டுச் சாம்பாரா? அரைக்கரண்டியா விடுதே?" என்றான். பந்தியே குலுங்கிச் சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார், அவர்தானே சொன்னவர், அவரும் சிரித்தார். அந்தப் பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. விருதுநகருக்கு வந்தது, சாத்தூருக்குப் போயிற்று, மகளைக் கட்டிக் கொடுத்த இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மகளின் மாமியாரே ஒருநாள், அரைக்கரண்டி சம்பந்தி வந்திருக்கார், காபி போடு என்று உள்ளே சொன்னது காதில் விழுந்தது. மேஸ்திரி சொல்லித்தான் விட்டேன் என்று குருவையாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்ல வேண்டும்? அவனாகத் தெரிந்துகொள்ளட்டும், தெரிந்துகொண்டு காலில் விழட்டும். அவன் தெரிந்துகொள்ளவே இல்லை. அன்றிலிருந்து அவனோடு மொட்டைப் பேச்சுதான். பெயர் கிடையாது, நீ கிடையாது, நீங்க கிடையாது. சாதம் வந்தாச்சு. அப்பளம் பத்தாது. இலை போடலாம். இலை போட வேண்டாம். சுவரைப் பார்த்துச் சொல்வது, அவன் பிடித்துக்கொள்வது. அவன் பாட்டுக்கு மேலே மேலே போய்க்கொண்டிருந்தான். முழங்கால் போய்விட்டது என்று சொல்லி இவரை அடித்தளத்துக்கு அனுப்பினார்கள், அவன் கூடத்தில் நின்றான். வெள்ளைச் சட்டை, மை பூசின முடி, கைக்குட்டையில் சென்ட். பெண்ணைப் பெற்றவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவான், சால்வை போர்த்துவான், போட்டோ எடுப்பான். கீழே வெந்து வடிகிற சோற்றுக்கு எவன் சால்வை போர்த்துகிறான்? சங்கிலியின் மகள் கல்யாணத்தில் கூட, கூப்பிடாமலே வந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பந்தியில் இறங்கிவிட்டான். சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் எல்லாம் அவனிடம்தான் சொல்லிக்கொண்டு போனார்கள். வாசலில் கைகூப்பி நின்ற இவரை, பெண்ணின் அப்பனை, ஒருத்தர், நீங்க மாப்பிள்ளை வீடா என்று கேட்டார். வீட்டுக்காரியோ கேட்கவே வேண்டாம். "குருவையாண்ணன் இல்லேன்னா அன்னிக்குச் சந்தி சிரிச்சிருக்கும்." பத்து வருசமாகச் சொல்லுகிறாள். சோறு போட்டுக்கொண்டே சொல்லுகிறாள்.

பருக்கையை மறுபடி நசுக்கினார் இருளப்பன். புள்ளி சிறுத்திருக்கிறது, போகவில்லை. "சொல்லிட்டீங்கல்லண்ணே?" "ம்." "என்ன சொன்னாரு?" "சரின்னான்." அண்டாவின் அடியில் நெருப்பு நீலமாகச் சீறியது. சங்கிலி தலைக்கு மேலே பார்த்தார். சமையல்கட்டுக் கூரைதான் மேலே கூடத்தின் தரை. முதல் பந்தி எழுந்திருக்கிற சத்தம் கேட்டு முடிந்தது. எச்சில் இலை எடுக்கிற வாளிச் சத்தம் போயிற்று. இனிமேல் மேசையைத் துடைத்துப் பேப்பர் விரிப்பார்கள். பேப்பர் விரிப்பது தப்பில்லை, பேப்பர் எப்போது வேண்டுமானாலும் விரிக்கலாம். அதற்கு மேல் இலை. இலை போடுவதற்குச் சத்தம் கிடையாது. எவ்வளவு காதைத் தீட்டினாலும் இலை விழுவது கேட்காது. நாற்காலி இழுபட்டால்தான் தெரியும், இழுபட்டால் எல்லாம் முடிந்தது. மணி பன்னிரண்டு இருபது. கேட்டுவிடலாம். என்ன கேட்டது என்று கேட்டுவிடலாம். ஆனால் எப்படிக் கேட்பது? நான் சொன்னது உன் காதில் என்னவாக விழுந்தது என்று கேட்டால், சந்தேகம் இருக்கிறது என்று ஆகும். இருந்தால் ஏன் ஓவர் சொல்லவில்லை என்பாள் மீனலோசனி. பொறு என்றல்லவா சொல்லச் சொன்னேன் என்பாள். ஆமாம், பொறு. ரெண்டே எழுத்து. காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்து. அது ஏன் வாயில் வரவில்லை? பொறு வராவிட்டால் போகட்டும், வழக்கமான மொட்டைப் பேச்சு, இலை போட வேண்டாம், அதுவாவது வந்திருக்க வேண்டும், முப்பத்தொரு வருசம் பழகின நாக்கு. போடாதே எங்கிருந்து வந்தது? அவனைப் பார்த்து ஒரு நாளும் சொல்லாத சொல். வெட்டினால் தலைகீழாகிற சொல். இருக்கிற சொல்லிலேயே அதைத் தேடி எடுத்தது யார்? நானா எடுத்தேன்? அவசரம். சோறு வேகவில்லை என்கிற பதற்றம். பதற்றத்தில் மனுசன் எதையும் சொல்வான். விரல் வழுக்கியிருக்கும், எண்ணெய்க் கை. கையைப் பார்த்தார். எண்ணெய் இல்லை. காலையிலிருந்து எண்ணெய்ச் சட்டிப் பக்கமே போகவில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டார். பெட்டியை வாயிடம் கொண்டு போனார், ஒரு சாண். அழுத்தினால் ஓரத்தில் பொட்டு விளக்கு ஒன்று சிவப்பாக எரியும். அழுத்த வேண்டும். ஒன்று எண்ண வேண்டும். மேலே அவன் இப்போது கூடத்து வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்களிடம் சிரித்துக்கொண்டிருப்பான். உள்ள வாங்கக்கா, வெத்தலைப் பைய நான் பாத்துக்கிடுதேன். பல்லெல்லாம் தெரிய. அவனுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், முந்நூறு பேர் நடுவில் கை காலியாக நிற்பது என்றால் என்னவென்று தெரிய வேண்டாமா? கையை இறக்கினார். இல்லை, அந்தப் பெண். காலையில் மணமேடையில் பார்த்திருந்தார், பூ கனத்தில் கழுத்து சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி தூக்கினார்.

அப்போது மேலே நாற்காலிகள் இழுபட்டன. ஒன்று இரண்டாக அல்ல. மொத்தமாக, கூரை முழுக்க, மழை இறங்குகிறமாதிரி. இருளப்பன் கரண்டியோடு நிமிர்ந்தார். "என்னண்ணே, உக்காருதாங்க?" சங்கிலியின் நெஞ்சுக்குள் முதலில் வந்தது பயமில்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தமாதிரி ஒன்று இறங்கியது, தொண்டையிலிருந்து வயிறுவரை. அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது, ஓடி வந்தது, ஆனால் பின்னால்தான். அந்த முன்பின்னை அவரால் மறைத்துக்கொள்ள முடியவில்லை. விரலுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. "முழுசா வேகணும்னு பாக்காதீரும், வடியும்" என்று இருளப்பனிடம் கத்திவிட்டுப் படியேறினார். ஒரு கால் வைத்து, இன்னொரு காலை அதே படிக்கு இழுத்து, இருபத்திரண்டு படி. கூடத்து வாசலில் நின்று பார்த்தபோது முந்நூறு இலையும் பச்சையாகப் பளபளத்தன. உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல், அப்பளம். நடுவில் சோற்றுக்கான இடம் வெறும் பச்சை. குருவையா பாயச வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வரிசையில் போய்க்கொண்டிருந்தான். "முதல்ல இனிப்பு அத்தான், இனிப்புலதான் ஆரம்பிக்கணும், இன்னொரு கரண்டி வாங்கிக்கிடுங்க. பாயசம் வேண்டாம்னா வடை. அப்பளத்தை நொறுக்காதீங்க மதினி, அது அப்புறம் அழும்." ஒரு சிரிப்பு எழுந்தது, அடங்கியது. ரெண்டாம் தடவை சொன்னபோது எழவில்லை. முதல் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா, நெற்றி நிறைய விபூதி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சோறு உண்டா, இல்லை இதோட கையைக் கழுவணுமா?" பெண்ணின் அப்பா குனிந்து ஏதோ சொன்னார். பெரியப்பா காதில் வாங்கவில்லை. தொட்டுக்கூடப் பார்க்காத இலையை ரெண்டு கையாலும் பிடித்து, தன்னை விட்டு வெளிப்பக்கமாக, துக்க வீட்டில் மடிக்கிறமாதிரி மடித்தார். எழுந்தார். அவரோடு அந்த வரிசையே எழுந்தது. பெண்ணின் அப்பாவுக்குக் கை கூப்பத்தான் தெரிந்தது. குருவையா வாளியைக் கீழே வைத்துவிட்டு, பாயசம் வழிந்த வெள்ளைச் சட்டையோடு பெரியப்பாவுக்கு முன்னால் போய் நின்றான். "என் தப்புய்யா. அவுக மேல ஒண்ணுமில்ல. கீழ இருந்து சொன்னதை நான்தான் தப்பா வாங்கிட்டேன். என்னைய ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க, இலையை விட்டு எந்திரிக்காதீங்க." சங்கிலி வாசலைவிட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் பார், இதையும் அவன்தான் வாங்கிக்கொள்கிறான், எல்லார் முன்னாலும், அழகாக. தப்பைக்கூட எனக்கு விடமாட்டான். சோறு வந்ததும், பெண்ணின் அப்பா தானே புது இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பெரியப்பாவின் கையைப் பிடித்து உட்கார வைத்ததும், அவர் ஒரு வாய் மட்டும் தின்றுவிட்டு எழுந்துபோனதும் பிறகு நடந்தன. மடித்தது மடித்ததுதான்.

மூணாம் பந்திக்கு முன்னால் மீனலோசனி நடைபாதையில் நின்று குருவையாவிடம் கை நீட்டினாள். அவன் புது வாக்கி டாக்கியை அவளிடம் கொடுத்தான். அவள் அதைச் சங்கிலியிடம் கொடுத்து, பழசை வாங்கி அவனிடம் கொடுத்தாள். "இனிமே மேல நீங்களே பாருங்கண்ணே" என்றாள், முகத்தைப் பார்க்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டாள். படி வாயில் ரெண்டு பேரும் நின்றார்கள். சங்கிலி சுவரைப் பார்த்தார். குருவையா சட்டையில் காய்ந்துகொண்டிருந்த பாயசத்தை நகத்தால் எடுத்தான். "நீ அவசரத்துல முந்திச் சொன்னாலும் நான் யோசிச்சிருக்கணும். மொத அண்டா இறங்கி எவ்வளவு நேரமாச்சுன்னு மணியைப் பாத்திருக்கணும். நாப்பது வருசம் பந்தி பாத்தவன், இது கூடவா தெரியாது?" என்றான். பிறகு சிரித்தான், பல் தெரியாத சிரிப்பு. "கோட்டைப்பட்டி கொட்டாய்ல ஒரே சாக்குல படுத்துக் கிடந்தப்ப நீ என்னைய டா போட்டது. அதுக்குப் பெறகு இன்னிக்குத்தான். இலை போடான்னு கேட்டதும் வேற ஒண்ணும் ஓடலைடா. ஒரு நிமிசங்கூட யோசிக்கலை. ஆளுகளைக் கூப்பிட்டு, போடுங்கடா போடுங்கடான்னு நானே ஓடி ஓடிப் போட்டேன். கிறுக்கன்." சங்கிலியின் வாய்க்குள் ஒரு எழுத்து கிடந்தது, அந்த ‘தே’. அதை எடுத்துக் கொடுத்தால் இவன் தலை நிமிரும், மீனலோசனியின் கையால் மறுபடி நீல விளக்கு இவனுக்கே போகும். அந்த எழுத்தைக் கொடுத்தால் அந்த டா போய்விடும், முப்பத்தொரு வருசமும் இருந்தது இருந்தபடி திரும்பி வரும், கூடவே இன்றும் சேரும். எது இவனுக்கு வலிக்கும்? எது எனக்கு? "சோத்தைப் பாரு" என்றார் சங்கிலி. நீ என்று ஆகிவிட்டது. குருவையா தலையாட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். அவனுக்கும் முழங்கால் போய்க்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

கூடத்து வாசலில் சங்கிலி நின்றார். வாங்க, வாங்க என்று யாரையோ பார்த்துச் சொன்னார், குரல் எடுபடவில்லை. மேசைகளில் பேப்பர் விரித்தாகிவிட்டது. வாழை இலைக் கட்டோடு நாலு பேர் அவர் முகத்தையே பார்த்து நின்றார்கள். கையில் நீல விளக்கு எரிந்தது, கிர்க் என்றது. "சங்கிலி. வெந்துருச்சு, நானே நசுக்கிப் பாத்துட்டேன், புள்ளி இல்ல. இலை போடலாம்டா. ஓவர்." பதில் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தினார். பொட்டுச் சிவப்பாக எரிந்தது. ஒன்று எண்ணினார். ரெண்டு எண்ணினார். அந்த ‘தே’ இன்னும் வாயில்தான் கிடந்தது. இதை அழுத்திக்கொண்டிருக்கிற வரைக்கும் கீழேயிருந்து அவன் எதுவும் பேச முடியாது, பேசினாலும் இங்கே கேட்காது. நாற்காலிச் சத்தமும், மேளமும், யாரோ குழந்தையை அதட்டுவதும், சங்கிலியின் மூச்சும் எல்லாம் கீழே அந்தப் பழைய பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. இலைக்கட்டுக்காரர்களில் ஒருவன், "அண்ணே, போடவா?" என்றான். அவர் விரலை எடுக்கவில்லை.